வண்டி திரும்பும் வகை

மாட்டு வண்டிக்குச் சுக்கான் ஏன் இல்லை? இவ்வினாவை வகுப்பில் எழுப்பினால், "மாடு திரும்புகிறது, வண்டி அதன் பின் செல்கிறது" என்று மாணவர் விடை கூறுவர். அவ்விடை பிழையன்று, ஆயினும் முழுமையானதும் அன்று. மாடு இடப்புறம் திரும்புங்கால், வண்டியின் இடவுருளை சிறிய வட்டத்திலும் வலவுருளை பெரிய வட்டத்திலும் ஓட வேண்டியிருக்கின்றது. இருசு அசையாது நிற்க, உருளை இரண்டும் அதன் முனைகளில் தனித்தனியே சுழலுமாறு தச்சன் அமைத்திருக்கின்றான். ஆதலின் ஒன்று மெல்லவும் மற்றொன்று விரைந்தும் சுழன்று, வண்டி இடரின்றித் திரும்புகின்றது. உருளை இரண்டே ஆதலால் வேறு சிக்கல் எழுவதில்லை.

நான்கு உருளை உடையவற்றின் நிலை வேறு. கோயில் தேர் தெரு மூலையில் திரும்புவதைக் கண்டிருப்பீர்கள். அதன் இருசுகள் திரும்பா. முட்டுக்கட்டைகளை இட்டு, ஒரு பக்கத்தைத் தடுத்து, மறுபக்கத்தை இழுத்து, உருளைகள் தரையில் உரசி நகரவே தேர் திரும்புகின்றது. ஊரே கூடி வடம் பிடிக்கும் தேருக்கு அம்முறை அமையும். ஒருவர் அமர்ந்து பாட்டரியின் ஆற்றலால் ஓட்டும் சிறு மின்வண்டிக்கு அஃது அமையாது.

இக்காலத்தில் இத்தகைய சிறு மின்வண்டிகளைத் தம் இல்லத்திலேயே செய்து பார்க்கும் இளைஞர் பலர் உளர். மோட்டாரைக் கடையில் வாங்கலாம், பாட்டரியையும் வாங்கலாம், மின்சாரத்தை அளந்து விடும் கருவியையும் வாங்கலாம். ஆனால் வண்டியைத் திருப்பும் உறுப்பு, அவ்வவ் வண்டியின் நீள அகலத்திற்கு ஏற்ப அமைய வேண்டுவது. அதனைச் செய்வோரே கணக்கிட்டுச் செய்தல் வேண்டும். மோட்டார் பழுதுற்றால் வண்டி நின்றுவிடும், அவ்வளவே. திருப்பும் உறுப்புப் பழுதுற்றாலோ வண்டி நில்லாது. எங்கே செல்லும் என்பதும் தெரியாது.

இவ்வுறுப்பைப் பட்டறையில் ஸ்டியரிங் என்பர். சுக்கான் என்னும் பெயரும் வழக்கில் உண்டு. அச்சொல் அரபு மொழியினின்று வந்து முதலில் மரக்கலத்தில் ஏறியது. பின்னர்க் கரையிறங்கி வண்டியிலும் அமர்ந்துகொண்டது. வந்த சொல்லாயினும் உழைக்கும் சொல்லாதலின் அதனையே ஈண்டும் கொள்வோம்.

பொள்ளாச்சிக்கு அண்மையில் உள்ள ஒரு சிற்றூரில் தென்னந்தோப்புக் காவலர் ஒருவர் இருந்தார். மரத்தினின்று வீழ்ந்து ஒரு கால் பயனிழந்தமையால், தோப்பைச் சுற்றி வருதல் அவர்க்கு இயலாதாயிற்று. சுற்றி வர இயலாத காவலரை எந்த உரிமையாளரும் நெடுநாள் வைத்திரார். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்ற அவர்தம் மகன், தோழர் இருவரைத் துணைக்கொண்டு, தோப்பினுள் ஓடுதற்கு மட்டும் உரிய மின்வண்டி ஒன்றைச் செய்யத் தொடங்கினான். யான் அத்தெருவிலேயே குடியிருந்தமையால் மாலைதோறும் அவர்கள் பணியைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்கு இரும்பு வேலையில் என்ன பங்கு என்று கேட்பீராயின், நூல் பிடிக்கும் பங்கு என்பேன். அவர்கள் அளவெடுக்கும்பொழுதெல்லாம் நூலின் ஒரு முனையைப் பிடித்து நின்றவன் யானே.

முதலில் அவர்கள் மேற்கொண்ட முறை மிக எளியது. ஒரு நீண்ட இரும்புச் சட்டத்தை முன்னிருசாகக் கொண்டு, அதன் நடுவே ஓர் ஆணி அடித்து, அவ்வாணியைப் பற்றுக்கோடாகக் கொண்டு இருசு முழுவதும் இடமும் வலமும் திரும்புமாறு அமைத்தனர். திருப்புதற்குச் சைக்கிளின் கைப்பிடி ஒன்றைப் பொருத்தினர். மகனே ஏறி ஓட்டினான். தோப்பின் வரப்பில் வலவுருளை ஒரு சிறு கல்லின்மேல் மோதிற்று. கைப்பிடி அவன் கையைத் திருகிக்கொண்டு சுழன்றது. வண்டி வாய்க்காலில் இறங்கி நின்றது. மணிக்கட்டுச் சுளுக்கோடு அவன் எழுந்து வந்தான். அன்று ஏறியவன் மகன். நாளை ஏற வேண்டியவரோ காலூன்றித் தாவ இயலாத தந்தை. அன்றிரவே அந்த இருசைக் கழற்றி எறிந்தனர்.

ஒரு சிறு கல்லுக்கு அத்துணை வலிமை எங்ஙனம் வந்தது? கதவைத் தள்ளிப் பாருங்கள். குடுமிக்கு அருகே தள்ளினால் கதவு எளிதில் அசையாது. வெளி விளிம்பில் ஒரு விரலால் தள்ளினும் திறந்துவிடும். விசை ஒன்றே, அது தாக்கும் இடத்திற்கும் குடுமிக்கும் உள்ள தொலைவு மிகுந்தோறும் அதன் திருப்பும் ஆற்றல் மிகுகின்றது. அவ்வண்டியில் நடுவாணிக்கும் உருளைக்கும் இடையே 40 செ.மீ. தொலைவு இருந்தது. கல் கொடுத்த எதிர்விசை, 40 செ.மீ. நீளமுள்ள நெம்புகோலின் முனையில் தாக்கியதற்கு ஒப்பாயிற்று. மனிதன் கைக்கு அதனைத் தடுக்கும் ஆற்றல் இல்லை.

இம்முறைக்கு மற்றொரு குறையும் உண்டு. இருசு மிகுதியாகத் திரும்பும்பொழுது, முன்னுருளைகளுள் ஒன்று வண்டியின் அடியில் ஒதுங்குகின்றது. நாற்காலி போல் நான்கு மூலையிலும் ஊன்றி நின்ற வண்டி முக்காலி போல் ஆகிவிடுகின்றது. திரும்பும் நேரமே வண்டி கவிழ முயலும் நேரம். அந்நேரம் பார்த்து அதன் ஊன்றுகோல் ஒன்றை நாமே பறித்துக்கொள்கின்றோம்.

ஐரோப்பாவின் குதிரை வண்டிகள் நெடுங்காலம் இக்குறையோடுதான் ஓடின. இங்கிலாந்தில் மருத்துவராக விளங்கிய எராஸ்மஸ் டார்வின், 1750களின் இறுதியில், இருசைத் திருப்பாமல் உருளைகளை மட்டும் தனித்தனியே திருப்பலாம் என்று எண்ணி வழி வகுத்தார். உயிர்களின் தோற்றத்தை ஆராய்ந்த சார்லஸ் டார்வினுக்கு இவர் பாட்டனார். நோயாளரைக் காணப் பள்ளமும் மேடுமான சாலைகளில் நாளும் வண்டியில் அலைந்தவர்க்கு இவ்வெண்ணம் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றாரல்லர். அவ்வெண்ணம் பரவாமல் போயிற்று.

பின்னர் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வண்டி செய்யும் தொழிலினராகிய கியோர்க் லாங்கென்ஷ்பெர்கர் என்பார் 1817-ஆம் ஆண்டளவில் அதே முறையைத் தாமாகவே கண்டு செயற்படுத்தினார். அவர்க்கு இலண்டன் மாநகரில் முகவராக இருந்தவர் ருடால்ஃப் ஆக்கர்மன். 1818-இல் ஆக்கர்மன் தம் பெயரில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். இன்றுவரை உலகெங்கும் அம்முறை ஆக்கர்மன் முறை என்றே வழங்குகின்றது. லாங்கென்ஷ்பெர்கர் பெயரை அறிந்தோர் மிகச் சிலர். ஆக்கர்மன் நூல்களையும் படங்களையும் அச்சிட்டு விற்ற பெருவணிகர் என்பதையும் கருத்திற் கொண்டால், நூலாசிரியன் பெயர் மறைந்து பதிப்பித்தவர் பெயரே நிலைத்த கதை இது எனலாம். ஏடுகளோடு வாழ்ந்த எனக்கு இது புதிதன்று.

எண்ணம் நன்றாயினும் குதிரை வண்டியில் அது வேரூன்றவில்லை. குதிரை இல்லாத வண்டி பிறந்தபொழுதுதான் அதன் அருமை விளங்கிற்று. பிரான்சு நாட்டில் லெ மான் நகரினராகிய அமெடே பொல்லே 1873-இல் செய்த நீராவி வண்டியில் முன்னுருளை ஒவ்வொன்றும் தனித்தனியே திரும்பிற்று. 1878-இல் பாரிசு நகரத்து வண்டித் தொழிலினர் சார்லஸ் ழாந்தோ என்பவர் இம்முறையின் கணக்கை எளிமையாக்கி வரைபடமாகத் தந்தார். நம் பொருளுக்கு இவர் மிக அண்மையர். இவர் மின்வண்டிகளும் செய்தவர். 1898-இல் இவர் செய்த மின்வண்டியொன்று மணிக்கு 63 கிலோமீட்டர் விரைவில் ஓடி, தரையில் ஓடும் ஊர்திகளின் விரைவுப் பதிவுகளுள் முதலாவதாக எண்ணப்படும் சிறப்பைப் பெற்றது. கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற முதல் மோட்டார் வண்டிக்கு உருளை மூன்றே. முன்னே இரண்டு உருளை வைத்துத் திருப்பும் வழி அவர் மனத்திற்கு நிறைவாகக் கிட்டாமையே அதற்குக் காரணம். 1893-இல் அவ்வழியைக் கண்ட பின்னரே அவர் நான்குருளை வண்டி செய்தார். பெரிய பொறியாளர்க்கே பல்லாண்டு பிடித்த செய்தி என்பதை அறிந்தால், தோப்பு வண்டி செய்த இளைஞர் முதல் முயற்சியில் வாய்க்காலில் இறங்கியதை எவரும் எள்ளார்.

இனி அம்முறையைக் காண்போம். முன்னிருசு வண்டியின் உடலோடு அசையாது பொருத்தப்படுகின்றது. அதன் இரு முனையிலும் செங்குத்தாக ஒவ்வோர் ஆணி உண்டு. கதவுக்குக் குடுமி எவ்வாறோ, உருளைக்கு இவ்வாணி அவ்வாறு. பட்டறையில் இதனைக் கிங்பின் என்பர். நாம் சுழலாணி என்போம். இவ்வாணியைப் பற்றித் திரும்பும் குறுகிய இருசில் உருளை சுழல்கின்றது. அதனைக் குற்றிருசு எனலாம். குற்றிருசோடு சேர்ந்து பின்னோக்கி நீளும் குறுங்கோல் ஒன்று உண்டு. இருபுறத்துக் குறுங்கோல்களின் முனைகளையும் நீண்ட கோல் ஒன்று இணைக்கின்றது. டை ராடு என்று வழங்கும் இணைப்புக்கோல் அதுவே. ஒருபக்கத்து உருளையைத் திருப்பினால் மறுபக்கத்து உருளையும் உடன் திரும்பும்.

தோப்பு இளைஞர் சைக்கிளின் கழுத்துக் குழாய் இரண்டை அறுத்தெடுத்துச் சுழலாணிகளுக்கு உறையாக்கினர். பால்ரஸ் என்று நம்மவர் சொல்லும் எஃகுக் குண்டுகள் அதனுள் இருத்தலால், உருளை எளிதாகத் திரும்பிற்று. ஆனால் சைக்கிளின் உருளையை அவர்கள் கொள்ளவில்லை, அது சரியே. சைக்கிள் வளைவில் சாய்ந்து செல்லும். ஆதலின் அதன் உருளைக்குப் பக்கவாட்டில் தாக்கும் விசை மிகச் சிறிது. நான்குருளை வண்டி சாய்வதில்லை. பக்க விசை முழுவதையும் உருளையே தாங்க வேண்டும். மெல்லிய கம்பிகள் அதற்கு ஆற்றா. 40 செ.மீ. விட்டமும் உறுதியான நடுவும் உடைய சிறிய உருளைகளை அவர்கள் தேடி வாங்கினர்.

இரண்டு உருளையும் ஒரே அளவு திரும்பினால் போதாதோ என்னும் ஐயம் உங்களுக்கு எழலாம். ஈண்டுதான் நீங்கள் கணக்கு வகுப்பில் கற்றது பயன்படுகின்றது. உருளை ஒன்று வழுக்காமல் வட்டத்தில் உருள வேண்டுமாயின், அதன் இருசின் வழியே நீட்டும் கோடு அவ்வட்டத்தின் மையத்தைச் சென்று தொடுதல் வேண்டும். நான்கு உருளைகளும் ஒரே மையத்தைச் சுற்ற வேண்டும். பின்னுருளைகள் திரும்பாதவை, அவற்றின் கோடு ஒன்றே. ஆதலின் மையம் அக்கோட்டின்மேல்தான் இருக்க இயலும். முன்னுருளை இரண்டின் கோடுகளும் அக்கோட்டில் ஒரே புள்ளியில் வந்து சந்தித்தல் வேண்டும்.

தோப்பு வண்டியின் அளவுகளையே கொண்டு பார்ப்போம். முன்னிருசுக்கும் பின்னிருசுக்கும் இடைத்தொலைவு 120 செ.மீ.; சுழலாணி இரண்டுக்கும் இடையகலம் 80 செ.மீ.; பின்னுருளைகளுக்கு இடையிலும் அதே அகலம். ஒவ்வொரு முன்னுருளையும் தன் சுழலாணிக்கு நேர் கீழே தரையைத் தொடுவதாகக் கொள்க. வண்டி இடப்புறம் திரும்புகின்றது. வட்டத்தின் மையம், பின்னிருசுக் கோட்டில், இடப்பக்கப் பின்னுருளைக்கு அப்பால் 160 செ.மீ. தொலைவில் உள்ளது. இப்பொழுது மையத்தையும் இடப்பக்க உருளைகள் இரண்டையும் சேர்த்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். அதன் பக்கங்கள் 120, 160. ஆகவே கர்ணம் 200. உட்புறத்து முன்னுருளை 2 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஓடுகின்றது. அது திரும்ப வேண்டிய அளவு ஏறத்தாழ 37 பாகை. வெளிப்புறத்து முக்கோணத்தின் பக்கங்கள் 120, 240, கர்ணம் 268. வெளியுருளை திரும்ப வேண்டிய அளவு 26½ பாகையே. முழுவட்டம் ஒன்று சுற்றி வந்தால் உள்ளுருளை 12.6 மீட்டரும் வெளியுருளை 16.9 மீட்டரும் ஓடியிருக்கும். இரண்டையும் ஒரே அளவு திருப்பியிருப்பின், ஏதேனும் ஒன்று வட்டம் முழுவதும் தரையைத் தேய்த்துக்கொண்டே சென்றிருக்கும்.

உட்புறம் மிகுதியாகவும் வெளிப்புறம் குறைவாகவும் உருளைகளைத் திருப்புவது யார்? ஓட்டுபவர் கை ஒன்றே; அவர் கணக்கிட்டுத் திருப்ப இயலாது. குறுங்கோலின் சாய்வே அக்கணக்கைச் செய்கின்றது. குறுங்கோல்கள் நேர் பின்னோக்கி நில்லாமல், உட்புறம் சற்றே சாய்ந்து, அவற்றின் கோடுகளை நீட்டினால் பின்னிருசின் நடுவில் கூடுமாறு அமைந்திருத்தல் வேண்டும் என்பது ழாந்தோ கூறிய வழி. நம் வண்டியில் நடு என்பது பக்கத்தினின்று 40 செ.மீ.; நீளமோ 120 செ.மீ. மூன்றுக்கு ஒன்று என்னும் சரிவு. ஏறத்தாழ 18½ பாகை. குறுங்கோலின் நீளம் 12 செ.மீ. ஆயின், அதன் முனை 11.4 செ.மீ. பின்னும் 3.8 செ.மீ. உள்ளும் இருக்கும். இருபுறமும் 3.8 குறைய, இணைப்புக்கோலின் நீளம் 72.4 செ.மீ. ஆகும். இதற்கு மேல் ஒரு கணக்கும் வேண்டா. தரையில் சுண்ணக்கட்டியால் வண்டியின் வடிவத்தை வரைந்து, சுழலாணியின் இடத்தினின்று பின்னிருசின் நடுவுக்கு நூல் பிடித்தால் போதும். யான் பிடித்த நூல்களுள் அதுவும் ஒன்று.

சாய்ந்து நிற்கும் கோல் வட்டத்தில் நகரும்பொழுது, அதன் முனை பக்கவாட்டில் செல்லும் தொலைவு இருபுறமும் ஒத்திராது. உள்ளுருளையின் குறுங்கோல் மேலும் மேலும் சாய்கின்றது. வெளியுருளையின் குறுங்கோலோ நிமிர்ந்து நேராக வருகின்றது. நிமிர்ந்த கோலின் முனை சிறு திருப்பத்திலேயே நெடுந்தொலைவு செல்லும். சாய்ந்த கோல் அதே தொலைவு செல்ல மிகுதியாகத் திரும்ப வேண்டும். இம்முறை முற்றும் பொருந்துவது அன்று என்பதையும் கூறிவிடுதல் கடமை. உள்ளுருளை 15 பாகை திரும்பினால் வெளியுருளையின் பிழை ஒரு பாகைக்கும் குறைவே. 37 பாகை திரும்பும்பொழுதோ, 26½ பாகையில் நிற்க வேண்டிய வெளியுருளை 28½ பாகைக்குச் செல்லும். மெல்ல ஓடும் சிறு வண்டிக்கு இவ்விரண்டு பாகைப் பிழை பெரிதன்று. அத்துணைக் கூர்மையான திருப்பம் எப்பொழுதோ ஒருமுறை நேர்வது.

கல்லின் சிக்கல் இன்னும் முற்றும் தீரவில்லை. சுழலாணி உருளைக்கு அண்மையில் வந்துவிட்டது. ஆயினும் இரண்டுக்கும் இடையே சிறிது இடைவெளி இருந்தே தீரும். சுழலாணியின் மேல்முனையை வண்டியின் உட்புறமாகச் சாய்த்தால், அதன் கோடு தரையைத் தொடும் இடம், உருளை தரையைத் தொடும் இடத்தை நெருங்கும். தோப்பு வண்டியில் அவ்விரண்டுக்கும் இடையே 2 செ.மீ. அளவே எஞ்சியது. முன்பு 40, இப்பொழுது 2. கல் கையைத் திருகும் ஆற்றல் இருபதில் ஒரு பங்காகக் குறைந்தது. ஒரு மகன் தன் தந்தையை அச்சமின்றி ஏற்றுதற்குரிய வண்டியாக அதனை ஆக்கியது, எல்லாவற்றினும் மேலாக, இம்மாற்றமே என்பது என் கருத்து.

மற்றொரு சாய்வும் உண்டு. அது பின்னோக்கிய சாய்வு. மருத்துவமனைக் கட்டிலைத் தள்ளும்பொழுது அதன் கால்களில் உள்ள சிறு உருளைகளைப் பாருங்கள். எத்திசையில் தள்ளினும் அவை தம் ஆணிக்குப் பின்னே சென்று அடங்கிவிடுகின்றன. ஆணியின் கோடு முன்னும் உருளை தரையைத் தொடும் இடம் பின்னும் இருந்தால், உருளை தானாகவே நேராக ஓட முயலும். சைக்கிளின் முன்கவை சாய்ந்திருப்பதும் இதன் பொருட்டே. சுழலாணியின் மேல்முனையை 10 பாகை பின்னோக்கிச் சாய்த்தால், 20 செ.மீ. ஆரமுள்ள உருளைக்கு, ஆணியின் கோடு 3½ செ.மீ. முன்னே சென்று தரையைத் தொடும். வளைவு முடிந்தபின் ஓட்டுபவர் பிடியைத் தளர்த்தினால் சுக்கான் தானே நேராகின்றது. இச்சாய்வு மிகுந்தால் திருப்புதற்குக் கை வலிக்கும்; இல்லாதொழிந்தால் வண்டி இங்குமங்கும் அலையும்.

இனிக் கைக்கு வருவோம். முதல் மோட்டார் வண்டிகளில் படகின் சுக்கான் போன்ற நெம்புகோலே இருந்தது. 1894-இல் பாரிசிலிருந்து ரூவான் நகர் வரை நடந்த பந்தயத்தில் ஆல்ஃபிரட் வஷெரோன் என்பவர் தம் பானார் வண்டியில் வட்டமான கைச்சக்கரம் பொருத்தி ஓட்டினார். பின்னர் அதுவே எங்கும் பரவிற்று. தோப்பு வண்டியிலும் கைச்சக்கரமே. அதன் தண்டின் அடியில் 8 செ.மீ. நீளமுள்ள கோல் ஒன்று தொங்க, அது மற்றொரு கோலால் 12 செ.மீ. குறுங்கோலை இழுக்கும். எட்டுக்குப் பன்னிரண்டு, ஆதலின் கை ஒன்றரை மடங்கு சுழல வேண்டும், அதற்கு ஈடாகக் கையின் சுமை மூன்றில் ஒரு பங்கு குறையும். உருளையை முழுதும் திருப்பக் கைச்சக்கரம் ஏறத்தாழ 50 பாகை சுழன்றால் போதும். பெரிய கார்களில் கைச்சக்கரத்தைப் பதினைந்து பாகை அளவு சுழற்றினால்தான் உருளை ஒரு பாகை திரும்பும். அவற்றின் எடை அப்படி. இரண்டு கோடியிலும் உருளை 37 பாகைக்கு மேல் திரும்பாதவாறு தடுக்கும் இரும்புத் துண்டுகளைப் பற்றவைத்தல் வேண்டும். இல்லையேல் கோல்கள் ஒன்றோடொன்று நேராகிப் பூட்டிக்கொள்ளும். உருளை பிரேக்குக் கம்பியையும் மின்கம்பியையும் உரசி அறுக்கும்.

இணைப்புக்கோலின் இரு முனையிலும் உருண்டை மூட்டுகள் உண்டு. ஒரு முனைக்கு வலம்புரி மரையும் மறுமுனைக்கு இடம்புரி மரையும் வைப்பர். அங்ஙனமாயின் மூட்டைக் கழற்றாமலே கோலைச் சுழற்றி அதன் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். அதன் தேவை யாதெனில், முன்னுருளைகள் நேராக நிற்கின்றனவா என்பதை மில்லிமீட்டர் அளவில் சரிபார்க்க வேண்டியிருப்பதே. அச்சு உயரத்தில், உருளைகளின் முன்விளிம்புகளுக்கு இடையே உள்ள அகலத்தையும் பின்விளிம்புகளுக்கு இடையே உள்ள அகலத்தையும் அளக்க வேண்டும். பின்னுருளையால் உந்தப்படும் வண்டியில் முன்னகலம் 2 அல்லது 3 மி.மீ. குறைந்திருத்தல் நன்று, ஓடும்பொழுது தரையின் எதிர்விசையால் உருளைகள் சற்றே வெளிநோக்கி விலகும். மிகுதியாக விலக விடலாகாது. ஓர் உருளை ஒரு பாகை விலகி நின்றால், ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் பதினேழு மீட்டருக்கு மேல் அது பக்கவாட்டில் இழுபடும். அதற்குரிய ஆற்றலைத் தருவது பாட்டரி. ஏற்றிய மின்சாரம் எங்கே போயிற்று என்று வியப்பவர் முதலில் நூலெடுத்து உருளையை அளக்கட்டும்.

மூட்டுகளைப் பொருத்தும் முறையில் கஞ்சத்தனம் கூடாது. சுக்கானில் எங்கு மரையாணி வந்தாலும், அது ஒரு காதில் மட்டும் நீட்டிக்கொண்டிராமல், இரு காதுகளுக்கு இடையே நிற்றல் வேண்டும். அப்பொழுது சுமை இரண்டு இடத்தில் பகிரப்படும், ஆணி வளையாது. உருண்டை மூட்டின் மேல் அகன்ற வாஷர் ஒன்று இடுவர். மூட்டே உடைந்தாலும் கோல் நழுவி விழாமல் அது தாங்கும். நட்டு கழன்று வாராதிருக்க, ஆணியின் நுனியில் துளையிட்டுப் பிளவுபட்ட கம்பியைச் செருகி விரித்துவிட வேண்டும். மாட்டு வண்டியின் கடையாணி செய்யும் வேலையே இது. ஆணிகளைக் கடினமாக்கப்பட்ட எஃகில் வாங்குவது நன்று. ஆனால் அவ்வெஃகின்மேல் வெல்டிங் செய்தல் தகாது. சூட்டினால் அதன் வலிமை கெடும்.

மின்வண்டிக்கே உரிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. மோட்டார் பின்னே இருந்தாலும் திரும்புதலில் அதற்குப் பங்குண்டு. நாம் கண்ட வட்டத்தில் உட்பக்கப் பின்னுருளையின் ஆரம் 160, வெளிப்பக்கத்தது 240. ஒன்று இரண்டு மடங்கு ஓடினால் மற்றொன்று மூன்று மடங்கு ஓட வேண்டும். பின்னுருளை இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பூட்டி மோட்டாரால் சுழற்றினால், தேரின் கதையே திரும்பும், உருளை தேயும், சுக்கானைத் திருப்பினும் வண்டி நேரே செல்லப் பார்க்கும். கார்களில் இதற்கெனப் பல்சக்கர அமைப்பு ஒன்று உண்டு. தோப்பு இளைஞர் ஒவ்வோர் உருளைக்குள்ளும் ஒவ்வொரு மோட்டார் அமைந்த வகையை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டுப்படுத்தும் கருவி வைத்தனர். உருளைகள் தத்தமக்கு வேண்டிய விரைவில் ஓடின. பாட்டரிகளை இருசுகளுக்கு இடையே, தரைக்கு எத்துணை அண்மையில் வைக்கலாமோ அத்துணை அண்மையில் வைத்தனர். அவற்றை முன்னே ஏற்றினால் திருப்புதல் கடினமாகும். உயரே ஏற்றினால் வண்டி கவிழும்.

ஆய்வு செய்த நாளில் ஊரார் சிலரும் கூடினர். தேங்காய் உலர்த்தும் சிமெண்டுக் களத்தில் உருளைகளை நீரால் நனைத்து, மோட்டாரை இயக்காமல், வண்டியைக் கையால் தள்ளி வட்டமிடச் செய்தனர். ஈரத் தடங்கள் நான்கு வளைகோடுகளாகத் தெரிந்தன. உருளும் உருளையின் தடம் விளிம்பு தெளிந்து இருக்கும். இழுபடும் உருளையின் தடம் தேய்ந்து கலங்கி இருக்கும். வலப்புறத் திருப்பத்தில் ஒரு தடம் கலங்கியிருந்தது. இணைப்புக்கோலை அரைச் சுற்றுத் திருகி, மீண்டும் நனைத்து, மீண்டும் தள்ளினர், தடம் தெளிந்தது. பின்னர் மகன் தனியே ஓட்டினான். நடக்கும் விரைவில் முதலில், ஓடும் விரைவில் பின்னர். களத்தின் ஓரத்தில் தானே ஒரு செங்கல் துண்டை இட்டு, வலவுருளையை அதன்மேல் ஏற்றினான். கைச்சக்கரம் ஒரு விரற்கடை அசைந்து, நிலைக்கு வந்தது. மறுபடியும் ஏற்றினான், அதே அளவே அசைந்தது. அதன் பின்னரே மூட்டு ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பார்த்து, நட்டுகளின் மேல் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்தான். நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டும். காவலர் தம் ஊன்றுகோலை மகன் கையில் கொடுத்துவிட்டு ஏறி அமர்ந்தார். தோப்பின் கிழக்கு வேலி வரை சென்று, அங்கே திரும்பி, வந்த தடத்திலேயே அவர் மீண்டு வர அரை நாழிகை ஆயிற்று.